சவக்குழி வெட்டியவரின் கிட்டார்: மிசிசிப்பி டெல்டா பயணக் குறிப்புகள்

திங்கள் இரவு, மெம்பிஸ்

நாளைக் காலை நெடுஞ்சாலை 61ல் தெற்கே கிளம்புகிறோம். பி.பி. கிங், மடி வாட்டர்ஸ், ராபர்ட் ஜான்சன் என்று, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் பெரிய பெயர்களைத் தேடி இந்தச் சாலையில் போகிறவர்கள் ஏராளம். நான் பார்க்க வந்திருப்பது லீலண்ட் என்ற சின்ன ஊரையும், அதற்கு வெளியே இருக்கும் ஒரு கல்லறையையும். அங்கே ஜேம்ஸ் 'சன்' தாமஸ் புதைக்கப்பட்டிருக்கிறார். 1926ல் பிறந்து 1993ல் இறந்தவர். சவக்குழி வெட்டிப் பிழைத்தார், களிமண்ணில் மண்டையோடுகள் செய்தார், ப்ளூஸ் பாடினார். இந்த மூன்றில் மூன்றாவதுதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்துவந்தது. அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசியிருக்கிறார்கள் என்பது என் ஆதங்கம்.

மெம்பிஸில் மாமா மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். கார் அவனுடையது, ஓட்டப்போவதும் அவன்தான். "ஊரே எல்விஸ் வீட்டைப் பார்க்க வருது. நீ என்னடான்னா யாரோ குழி தோண்டினவர் கல்லறைக்குப் போகணுங்கிறியே மச்சான்" என்றான் சாப்பிடும்போது. பதில் சொல்லாமல் தாமஸ் பாடிய 'கேட்ஃபிஷ் ப்ளூஸ்' பதிவைப் போட்டுக் காட்டினேன். பாதிச் சோற்றில் கையை நிறுத்திவிட்டு, "இவர் ஒருத்தர்தானா? கூட யாரும் வாசிக்கலையா?" என்று கேட்டான். ஒருத்தர்தான். கட்டைவிரல் கீழ்க்கம்பியில் ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மேலே தேவைக்கு மட்டும் ஒன்றிரண்டு சுரங்களைத் தொடும். குரல் சாதாரணப் பேச்சு மாதிரி தொடங்கி, வரி முடிகிற இடத்தில் சட்டென்று உச்சத்துக்குத் தாவி மெலிந்து நிற்கும். அந்தத் தாவலைப் பயிற்சியால் கொண்டுவந்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ப்ளூஸ் கேட்டுப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வரியைப் பாடுவார்கள், அதையே இன்னொரு தரம் பாடுவார்கள், மூன்றாவது வரியில் அதற்குப் பதில் வரும். பெரும்பாலான பாட்டுக்குக் கட்டுமானம் அவ்வளவுதான். அந்தச் சின்ன இடத்துக்குள் பாடுகிறவர் என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது எல்லாம்.

செவ்வாய், கிளார்க்ஸ்டேல்

மெம்பிஸை விட்டு இறங்கியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. மிசிசிப்பிக்காரர்கள் டெல்டா என்று சொல்வது கடலோர முகத்துவாரத்தை அல்ல. மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவில், மெம்பிஸின் தெற்கிலிருந்து விக்ஸ்பர்க் வரை சுமார் 300 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும் வண்டல் சமவெளி அது. இப்போது பருத்தி எடுக்கும் காலம். வயலோரங்களில் மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றிய பெரிய பெரிய உருளைப் பொதிகள் வரிசையாகக் கிடக்கின்றன. அத்தனை பெரிய வயலில் ஒரே ஒரு இயந்திரம், அதற்குள் ஒரே ஒரு ஆள்.

இந்த இயந்திரத்துக்கும் ப்ளூஸுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கிளார்க்ஸ்டேலுக்குப் பக்கத்திலுள்ள ஹாப்சன் பண்ணையில்தான் 1944ல், விதைப்பிலிருந்து அறுவடை வரை முழுக்க இயந்திரத்தாலேயே ஒரு பருத்தி வெள்ளாமையை எடுத்துக் காட்டினார்கள். அதுவரை கறுப்பினக் குடும்பங்கள் விளைச்சலில் பங்குக்கு உழுது, பண்ணைக் கடையில் கடன் வாங்கி, வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் மிச்சமில்லாமல் நிற்பார்கள். இயந்திரம் வந்தபின் அந்த வேலையும் போய்விட்டது. லட்சக்கணக்கானோர் ரயிலேறி சிகாகோ போனார்கள். மடி வாட்டர்ஸ் 1943லேயே போய்விட்டார், அங்கே மின்சாரக் கிட்டாரைப் பிடித்தார், உலகம் கேட்டது. தாமஸ் போகவில்லை. அவர் பெயர் வெளியே வராததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

கிளார்க்ஸ்டேலில் பழைய சரக்கு ரயில் நிலையத்தில் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. நன்றாகத்தான் இருந்தது. 61ம் 49ம் சந்திப்பதாகச் சொல்லும் இடத்தில் கம்பத்தின் மேல் நீலக் கிட்டார்களை மாட்டிவைத்திருக்கிறார்கள், அங்கே படம் எடுக்கக் கூட்டம். அந்தச் சந்திப்பில் ராபர்ட் ஜான்சன் சாத்தானிடம் ஆன்மாவை விற்றதாகச் சொல்லும் கதை அங்கே நன்றாக விலைபோகிறது. எனக்கு அதில் ஈடுபாடு இல்லை.

புதன், லீலண்ட்

காலையில் கிளம்பி பதினொரு மணிக்கெல்லாம் லீலண்ட் வந்துவிட்டோம். ஊர் நடுவே டியர் கிரீக் என்ற ஓடை மெதுவாகப் போகிறது. அதன் கரையில்தான் பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சன் சிறுவயதில் வளர்ந்தார், அவருக்கு ஒரு சிறிய காட்சியகம் இருக்கிறது. கடைத்தெருவில் பாதிக் கடைகள் மூடிக்கிடக்கின்றன. செங்கல் சுவர்களில் ப்ளூஸ்காரர்களின் முகங்களைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். தாமஸும் அங்கே இருக்கிறார். ஒல்லியான முகம், தொப்பி, கையில் கிட்டார்.

பழைய 61 இன்னொரு சாலையைச் சந்திக்கும் மூலையில் ஒரு காலத்தில் சனிக்கிழமை என்றால் கூட்டம் நெரியுமாம். சுற்றியுள்ள பண்ணைகளிலிருந்து கூலி வாங்கிய கையோடு வருகிறவர்களுக்காகத் தெருவிலேயே பாடுவார்கள். இன்றைக்கு அங்கே நின்றபோது ஒரு பிக்கப் வண்டி மட்டும் சிக்னலில் காத்திருந்தது.

தாமஸ் இங்கே வந்தது 1961ல். அதற்கு முன்னால் தெற்கே யாஸூ மாவட்டத்தில் ஈடன் என்ற குக்கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார், பருத்திக் காட்டில் வேலை செய்தார், ஜோ கூப்பர் என்ற மாமாவிடம் கிட்டார் கற்றுக்கொண்டார், வார இறுதிகளில் ஜூக் ஜாயின்ட் என்று சொல்லும் குடியும் கூத்துமான சின்னக் கொட்டகைகளில் பாடினார். லீலண்டில் அவருடைய அம்மா இருந்தார். இங்கே வந்தபின் சவக்குழி வெட்டும் வேலை கிடைத்தது.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரின் எல்லையில், அறுவடை முடிந்த ஒரு வயலோரம் வண்டியை நிறுத்தி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நான் கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவன், இந்த மண்ணைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் கரிசல் போலத்தான், வெயிலில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது, மழை பெய்தால் மண்வெட்டியில் அப்பிக்கொண்டு விடாது. மண்ணியல்காரர்கள் எங்கள் கரிசலையும் இந்த டெல்டாவின் கனத்த களிமண்ணையும் வெர்டிசால் என்ற ஒரே வகையில்தான் சேர்க்கிறார்கள். காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும், இரண்டிலும் பருத்தி வரும். இந்த மண்ணில் மண்வெட்டியால் ஆளுயரக் குழி தோண்டுவது என்றால், வெட்டுவதில் பாதி நேரம், தகட்டில் ஒட்டியதைத் தட்டி எடுப்பதில் பாதி நேரம் போகும். தாமஸ் அதைத்தான் வருஷக்கணக்கில் செய்தார். அந்தக் கைதான் சாயங்காலம் கிட்டாரைத் தொட்டது.

களிமண்ணை அவர் சின்ன வயதிலிருந்தே விடவில்லை. பள்ளிக்கூடப் பையனாக ஃபோர்டு டிராக்டர்களை மண்ணில் செய்வாராம், அதனால் 'சன்னி ஃபோர்டு' என்று பட்டப்பெயர். தாத்தாவுக்குப் பேய் என்றால் பயம். ஒருநாள் பேரன் ஒரு மண்டையோடு செய்து வீட்டுக்குள் வைத்துவிட்டான். இருட்டில் வந்து விளக்கை ஏற்றிய தாத்தா அலறிவிட்டார். அதன் பிறகு மண்டையோடு அவரைக் கடைசிவரை விடவே இல்லை.

மாலையில் விடுதிக்கு வந்தபின், வில்லியம் ஃபெரிஸ் என்ற நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் தாமஸைப் பற்றி எடுத்த சின்ன ஆவணப்படத்தை மடிக்கணினியில் திரும்பப் பார்த்தோம். ஃபெரிஸ் விக்ஸ்பர்க்காரர், வெள்ளையர். 1968ல், சிவில் உரிமைப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரத்தில், ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு லீலண்டில் கறுப்பின மக்கள் வாழும் தெருவுக்கு வந்தார். தாமஸுக்கு அப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை அவர் குரலைத் தட்டிலோ நாடாவிலோ யாரும் பிடித்ததில்லை.

மண்டையோடு செய்வதைப் பார்க்கும்போது கண்ணை எடுக்க முடியவில்லை. மண் உருண்டையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே கட்டைவிரலால் கண்குழிகளை அழுத்துகிறார். அளவு பார்ப்பதில்லை, எந்தப் படமும் எதிரில் இல்லை. கன்ன எலும்பு எங்கே எழும்ப வேண்டும், தாடை எங்கே உள்வாங்க வேண்டும் என்பது அந்த விரல்களுக்குத் தெரிந்திருக்கிறது. பல்லுக்கு முதலில் மக்காச்சோள மணிகளைப் பதித்திருக்கிறார், பின்னால் நிஜமான மனிதப் பற்களையே வைத்தார். கண்குழிக்குள் வெள்ளித்தாள். சில மண்டையோடுகளின் உச்சியைக் குழித்து சாம்பல் கிண்ணமாக்கினார். சூளையில் சுடாத மண் என்பதால் பத்திரமாக வைத்திருப்பது கடினம். மாமா மகன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை வீட்ல வச்சா எங்கம்மா சாப்பாடு போடாது" என்றான். தாமஸின் தாத்தா சொல்லியிருக்கக்கூடியதும் அதுதான்.

ஆனால் உலகம் அந்த மண்டையோடுகளைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. 1982ல் வாஷிங்டனில் கார்கரன் கலைக்கூடம் அமெரிக்கக் கறுப்பின நாட்டார் கலைக்கு ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. தாமஸின் உருவங்கள் அங்கே போயின, அவரும் போனார், அதிபரின் மனைவி நான்சி ரேகனைச் சந்தித்தார். செத்து இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, 2015ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் அவர் ஒருவருக்காகவே கண்காட்சி வைத்தார்கள். அந்த மரியாதை அவருக்கு உரியதுதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் ஃபெரிஸின் படத்தில் ஓர் இடம் வருகிறது. களிமண்ணைக் கழுவிவிட்டுக் கிட்டாரை எடுத்துக்கொண்டு, வீட்டில் அக்கம்பக்கத்தார் நடுவே உட்கார்ந்து பாடுகிறார். யாரோ குடிக்கிறார்கள், யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், யாரோ ஆடுகிறார்கள். அவருடைய பாட்டு மேடைக்காக வளர்ந்தது அல்ல, அந்த அறையின் அளவுக்கு வளர்ந்தது. கலைக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மண்டையோட்டை வைத்துவிடலாம், இந்தப் பாட்டை அப்படி எடுத்து வைக்க முடியாது. அதனால்தான் இது பின்னால் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

வியாழன், லீலண்ட், ஹாலி ரிட்ஜ், இண்டியனோலா

போக் நினைவுக் கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே இருக்கிறது. வழி கேட்க ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். கல்லாவில் இருந்த வயதான அம்மா, நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், "சன் ஃபோர்டா? எங்க வீட்டு ஆளுங்க ரெண்டு பேருக்கு அவர்தான் குழி வெட்டினார்" என்றார். பாட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குழியை நேராக வெட்டுவார், விளிம்பு சரியாமல் இருக்கும் என்று மட்டும் சொன்னார். தாமஸைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இந்தத் தகவல் இல்லை.

கல்லறைக் கல்லை வைக்கப் பணம் கொடுத்தவர் ராக் பாடகர் ஜான் ஃபோகர்டி. மவுண்ட் சயன் நினைவு நிதி என்று ஓர் அமைப்பு 1989ல் தொடங்கப்பட்டது. டெல்டாவில் கல் இல்லாமல் கிடந்த ப்ளூஸ் கலைஞர்களின் புதைகுழிகளைக் கண்டுபிடித்துக் கல் நடுவது அதன் வேலை. தாமஸுக்கும் அது மூலமாகத்தான் கல் வந்தது. பிறருக்கெல்லாம் குழி வெட்டியவருக்கு, அவருடைய ஊரைச் சேராத ஒருவர் கல் வைக்க வேண்டியிருந்தது. கல்லில் அவருடைய 'பீஃப்ஸ்டேக் ப்ளூஸ்' பாட்டிலிருந்து வரிகளைப் பொறித்திருக்கிறார்கள். பசித்தால் மாட்டுக்கறி, தாகம் எடுத்தால் விஸ்கி, உயிரோடு இருக்கும்வரை அழகான பெண்கள், செத்தால் சொர்க்கம் என்று கேட்கிற வரிகள். மரணத்தோடு அன்றாடம் புழங்கிய மனுஷன் கேட்டது இதைத்தான். கல்லின் விளிம்பில் யாரோ கிட்டார் வாசிக்கும் பிக் இரண்டும் சில காசுகளும் வைத்திருந்தார்கள். சுற்றியிருந்த குழிகளில் எவையெல்லாம் அவர் வெட்டியவை என்று மாமா மகன் கேட்டான். ரொம்ப நேரம் அதையே யோசித்துக்கொண்டு நின்றோம்.

அங்கிருந்து கிழக்கே ஹாலி ரிட்ஜ். டெல்டா ப்ளூஸின் முன்னோடியான சார்லி பாட்டன் 1934ல் இறந்து இங்கே புதைக்கப்பட்டார். அவருக்குக் கல் வந்தது 1991ல், அதற்கும் ஃபோகர்டிதான் உதவினார். கல் நட 57 வருஷம். மிசிசிப்பி மாநிலம் ப்ளூஸ் தடம் என்ற பெயரில் நீலப் பலகைகள் நிறுவத் தொடங்கியபோது, 2006ல் முதல் பலகையைப் பாட்டனுக்காக இங்கேதான் வைத்தது. இன்று அப்படி இருநூறுக்கும் மேல். தாமஸுக்கு உரியது லீலண்டில் இருக்கிறது, நேற்றே பார்த்துவிட்டோம்.

இண்டியனோலா இன்னும் கொஞ்ச தூரம். அங்கே பி.பி. கிங் அருங்காட்சியகம், 2008ல் திறந்தது. 2015ல் இறந்த அவரை அந்த வளாகத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். கிங் பிறந்தது 1925 செப்டம்பர், தாமஸ் பிறந்தது 1926 அக்டோபர். இருவரும் டெல்டாவில் பருத்தி பொறுக்கியவர்கள், இருவரும் ஒரே பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். கிங்கின் மேதைமையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் 1940களின் கடைசியில் மெம்பிஸுக்குப் போனார், வானொலியில் பாடினார், இசைக்குழு அமைத்தார், வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் பேருந்திலேயே வாழ்ந்தார். அந்த உழைப்பு சாமானியமானது அல்ல. ஆனால் லீலண்டிலிருந்து இங்கே வர நமக்கு ஆனது அரைமணி நேரத்துக்கும் கீழே. இவ்வளவு பக்கத்தில், அதே வயதுடைய ஒருவர், அடுத்த ஊரில் குழி வெட்டிக்கொண்டு, அதே இசையின் இன்னும் பழைய, இன்னும் தனிமையான வடிவத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார். ஒருவருக்குக் கட்டிடம் கட்டியாயிற்று. இன்னொருவரின் இசைக்கு நாம் காதையாவது கொடுக்கலாம்.

வெள்ளி, ஈடன்

பெல்சோனி, யாஸூ சிட்டி வழியாக வந்தோம். வழி நெடுக கெளுத்தி மீன் வளர்க்கும் குளங்கள், கொக்குகள். யாஸூ சிட்டியில் சமவெளி திடீரென்று முடிந்து குன்றுகள் எழும்புகின்றன. அதன் அடிவாரத்தோடு வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஈடன். நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர். ஒரு தேவாலயம், சில வீடுகள், நாய் ஒன்று. தாமஸின் தாத்தா வீடு எங்கே இருந்தது என்று கேட்க ஆள் கிடைக்கவில்லை. ஒரு சரிவில் மழைநீர் அறுத்த இடத்தில் களிமண் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. சிறுவன் டிராக்டர் செய்யக் குடைந்திருந்தால் இந்த மாதிரி ஓர் இடத்தில்தான் குடைந்திருப்பான்.

அவரை யாருமே கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். 1970களிலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் விழாக்களுக்கும் போய்ப் பாடினார், ஐரோப்பாவில் பாடினார். கிரீன்வில்லில் 1978ல் தொடங்கிய டெல்டா ப்ளூஸ் விழாவில் அவர் வழக்கமான முகம். 1980ல் இரண்டு ஜெர்மானியர்கள் அமெரிக்கத் தெற்கு முழுக்கச் சுற்றிக் கிராமத்து ப்ளூஸ்காரர்களைப் பதிவு செய்தபோது அவரையும் பதிவு செய்தார்கள். ஆனால் தட்டுகள் எல்லாம் சின்னச் சின்ன நிறுவனங்களில் வந்தவை, கொஞ்சமாக அச்சடித்தவை, கடைக்குப் போனால் கிடைக்காதவை. கேட்டவர்களும் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள், வெள்ளையர்கள், ஆய்வாளர்கள். சொந்த ஊரின் இளைஞர்கள் அப்போது சோல் இசைக்கும் பிறகு ராப்புக்கும் போய்விட்டார்கள், அதில் தப்பும் இல்லை. நுரையீரல் நோயோடு கடைசி வருஷங்களை ஓட்டி, 1993 ஜூன் 26ல் இறந்தார். அவருடைய மகன் பாட் தாமஸ், அப்பாவின் பாட்டுகளைப் பாடுகிறவர், அதே போல மண்ணில் உருவங்கள் செய்கிறவர்.

2018ல் ஃபெரிஸின் பழைய ஒலிப்பதிவுகளையும் படங்களையும் தொகுத்து ஒரு பெட்டித் தொகுப்பு வெளியானது, அடுத்த வருஷம் இரண்டு கிராமி விருதுகளும் வாங்கியது. தாமஸ் அதில் இருக்கிறார். இந்தப் பதிவுகளைப் படித்துவிட்டு அவரைக் கேட்கலாம் என்று நினைப்பவர்கள் அங்கிருந்தே தொடங்குங்கள். மண்டையோட்டுப் படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் 'கேரோ ப்ளூஸ்'. ஓஹியோ ஆறு மிசிசிப்பியோடு சேரும் இடத்திலுள்ள ஊரின் பெயர் அது. அதில் குரல் மேலே தாவும்போது கிட்டார் ஏறக்குறைய நின்றுவிடுகிறது, அந்த இடைவெளியைக் கவனியுங்கள். பிறகு 'கேட்ஃபிஷ் ப்ளூஸ்', பிறகு 'பீஃப்ஸ்டேக் ப்ளூஸ்'. வேறு வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள், சத்தத்தையும் ரொம்பக் கூட்ட வேண்டாம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் பாடினால் எவ்வளவு சத்தம் இருக்குமோ அவ்வளவு போதும்.